விளம்பரத்துக்கு ஒரு வேலி



நம்மில் பலரும் அம்மாவின் கைப்பேசியில்தான் பாடக் குறிப்புகளைத் தேடிப் படிக்கிறோம். ஒளிச்சேர்க்கையைப் பற்றி அறியத் திறந்தால், இடையில் நகைக்கடை வருகிறது. கடன் தருகிறோம் என்று ஒருவர் வருகிறார். "உங்கள் கைப்பேசியில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே அழுத்துக" என்ற பொய் எச்சரிக்கையும் வருகிறது. பதறிப்போய் அழுத்தினால் வம்புதான். இவற்றைத் தடுக்கும் செயலிகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்று காண்போம்.

நாம் படிக்கும் பக்கம் ஓரிடத்திலிருந்து வருகிறது. அதிலுள்ள விளம்பரம் பெரும்பாலும் வேறோர் இடத்திலிருந்து வருகிறது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயரும் ஓர் எண்முகவரியும் உண்டு. பெயரைக் கேட்டு எண்ணைத் தரும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். பால் மொக்கபெட்ரிஸ் என்ற அறிஞர் 1983-இல் இதை வகுத்தார். தொலைபேசி எண் புத்தகம் போன்றது என்று கொள்ளலாம்.

தடுக்கும் வழிகள் மூன்று. முதலாவது, இந்த எண் புத்தகத்திலேயே கை வைப்பது. விளம்பர இடங்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கும். கைப்பேசி அப்பெயரைக் கேட்டால், "அப்படி ஒருவர் இல்லை" என்று பதில் வரும். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், தனிச் செயலி இன்றியே அமைப்புகளில் இதைச் செய்துகொள்ள முடிகிறது.

இரண்டாவது, வி.பி.என். வழி. நம் ஊர் வழியே போகும் திருச்சி சாலையில் ஒரு சோதனைச் சாவடி அமைத்து, ஒவ்வொரு லாரியையும் நிறுத்திப் பார்ப்பது போன்றது இது. செயலி கைப்பேசிக்குள்ளேயே சாவடி போட்டு, வேண்டாத சரக்கைத் திருப்பி அனுப்பிவிடும்.

மூன்றாவது, உலாவியிலேயே தடுப்பது. ஐபோனில் 2015 முதல் இவ்வசதி உண்டு. செயலி விதிகளை மட்டும் சஃபாரி உலாவியிடம் கொடுக்கும். தடுப்பது உலாவியின் வேலை. ஆகவே நாம் எந்தப் பக்கம் பார்த்தோம் என்பது செயலிக்குத் தெரியாது. நம் தமிழகத்து ஜோஹோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட உலாவியிலும் விளம்பரத் தடுப்பு உண்டு. அதற்கு 'உலா' என்று தமிழ்ப் பெயரே சூட்டியுள்ளனர் என்பது நமக்குப் பெருமை.

இவற்றுக்கும் எல்லை உண்டு. காணொளி வரும் அதே இடத்திலிருந்து விளம்பரமும் வந்தால், பெயர்ப் பட்டியலால் தடுக்க இயலாது. பெயரைத் தடுத்தால் காணொளியும் நின்றுவிடும் அல்லவா?

இன்னோர் ஆபத்தும் உண்டு. சாவடியில் நிற்பவர் எல்லா லாரிகளையும் பார்க்கிறார். அவர் நல்லவரா? ஒனாவோ என்ற வி.பி.என். செயலி, பாதுகாப்புத் தருவதாகச் சொல்லிக்கொண்டே, மக்கள் எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்தைத் தன் உரிமையாளரான பேஸ்புக்குக்குத் தந்துவந்தது. 2018-இல் அது ஆப்பிள் கடையிலிருந்து நீக்கப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

நேர்மையாக இன்னொன்றையும் நாம் எண்ண வேண்டும். பல செய்தித்தாள்கள் விளம்பர வருவாயைக் கொண்டே இலவசமாகப் படிக்கத் தருகின்றன. நமக்கு உதவும் நல்ல தளங்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. அதையும் பயன்படுத்துவோம்.

ஆகவே தோழியரே, எந்தச் செயலியையும் பதிக்கும் முன் அது என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பெற்றோருடன் அமர்ந்து படித்துப் பார்ப்போம். கைப்பேசி நமக்குப் பணி செய்யட்டும். நாம் அதற்குப் பணிந்து போக வேண்டாம்.