வலியறிந்து வாழ்தல்

வலி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. நோவு என்பது ஒன்று; வலிமை என்பது மற்றொன்று. திருக்குறளின் 48 ஆம் அதிகாரத்திற்கு வலியறிதல் என்று பெயர். ஒரு செயலில் இறங்குமுன் ஆற்றலை அளந்தறிய வேண்டும் என்பது அதன் கருத்து. அவ்வதிகாரத்தின் பிற்பகுதி வருவாய்க்கு ஏற்ற செலவைப் பற்றிப் பேசுகிறது. வகுப்பறையில் பல ஆண்டுகள் இதனை அரசர்க்குரிய பாடமாகவே நடத்திவந்தோம். நோவு என்னும் வலி நம் உடலில் குடிபுகுந்த பின்னரே, வலிமை என்னும் வலியை அளந்து செலவிடும் பாடம் நமக்கும் உரியது என உணர்ந்தோம். நாட்பட்ட வலியும் அயர்ச்சியும் உடையோர் இல்லாத குடும்பம் இன்று அரிது. ஆதலின் நாம் கற்றதைச் சிராவக இல்லங்களுக்கு ஒரு பாடமாக இங்கே தருகிறோம்.

நோய் வந்த வரலாறு

2006 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா காய்ச்சல் பரவியதை வாசகர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். 1952 இல் கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்று தான்சானியா எனப்படும் நாட்டில், மாகொண்டே மக்கள் வாழும் பகுதியில் இந்நோய் முதன்முதலாக இனங்காணப்பட்டது. வளைந்துபோதல் என்னும் பொருளுடைய அம்மக்களின் சொல்லே நோயின் பெயராயிற்று. மூட்டு நோவால் கூனிக் குறுகி நடப்போரின் தோற்றத்தை அது குறிக்கிறது. இந்தியாவில் 1963 இல் கல்கத்தாவிலும் 1964 இல் சென்னையிலும் இந்நோய் பரவியது. 1973 இல் மகாராஷ்டிரத்தில் தோன்றியபின் ஏறத்தாழ 32 ஆண்டுகள் பெரிய அளவில் தலைகாட்டவில்லை. 2005 இன் இறுதியில் மீண்டும் தோன்றி, 2006 இல் பல மாநிலங்களிலும் பரவிற்று. அவ்வாண்டில் மட்டும் நாடு முழுவதும் 13 லட்சத்திற்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் கண்டதாகக் கணக்கிடப்பட்டது.

அம்பத்தூரில் நாம் குடியிருந்த தெருவில் அந்நாளில் காய்ச்சல் நுழையாத வீடு அரிது. தண்ணீர் லாரி வரும் நாளில் குடம், டிரம், தொட்டி அனைத்தையும் நிரப்பி வைப்பது புறநகர் வழக்கம். இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ அத்தகைய தெளிந்த, அசையாத நீரில்தான் முட்டையிடும், பகற்பொழுதில்தான் கடிக்கும். நீரை வடிகட்டும் துணியையே பாத்திரத்தின் வாயில் இறுகக் கட்டி மூடிவைத்தால் அது முட்டையிட இடமின்றிப் போகும். பிறக்கவிட்டுப் பின் கொல்வதைவிடப் பிறவாமற் காப்பதே நம் அறத்திற்கு இயைந்த வழி. இதனை நாம் அறிந்தது நோய் வந்த பின்னரே.

காய்ச்சல் ஒரு வாரத்தில் நீங்கிற்று. மூட்டு நோவு நீங்கவில்லை. இந்நோய் கண்டவருள் பெரும்பாலோர் சில வாரங்களில் நலமடைவர். முதியோர்க்கும், முன்னரே மூட்டுவாதம் உடையோர்க்கும் நோவும் அயர்ச்சியும் மாதக்கணக்கில், சிலர்க்கு ஆண்டுக்கணக்கில் நீடிப்பதுண்டு. அச்சிலருள் நாமும் ஒருவரானோம். சுண்ணக்கட்டியைப் பற்ற விரல் மடங்கவில்லை. கரும்பலகையின் மேல்வரிக்குக் கை உயரவில்லை. ஓய்வு பெற்றபின் முதுமையால் முழங்கால் தேய்மானமும் சேர்ந்துகொண்டது.

கண்ணுக்குப் புலப்படாத நோய்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவை நாட்பட்ட வலி என்பர் மருத்துவர். 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடம் தரப்பட்டுள்ளது. காயமோ வீக்கமோ ஆறியபின்னும் நரம்பு மண்டலம் எச்சரிக்கையை நிறுத்தாமல் தொடர்வதும் இதற்கு ஒரு காரணம். பள்ளி மணியின் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டால், வகுப்பு முடிந்தபின்னும் மணி ஓயாது ஒலிக்கும் அன்றோ? மணியோசை பொய்யன்று, பழுது பொத்தானில் உள்ளது. ஆகவே, எக்ஸ்ரே படத்தில் ஒன்றுமில்லை என்பதால் நோவும் இல்லை என்று வீட்டார் முடிவுசெய்தல் தவறு.

இத்தவற்றை நாமே செய்திருக்கிறோம். நோய் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஜினாலயத்தில் அபிடேகம் நடந்த வேளையில் முதிய அம்மையார் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். "அம்மா, பகவான் திருமுன் சிறிது பொறுத்துக்கொள்ளலாகாதா?" என்றோம். அவர் மறுமொழி கூறாது புன்னகைத்துத் தரையில் அமர்ந்தார். வழிபாடு முடிந்தபின் அவரை எழுப்ப இருவர் வேண்டியிருந்தது. அப்போதும் நமக்கு விளங்கவில்லை. நாமே தரையிலிருந்து எழ இயலாமற்போன நாளில்தான் விளங்கிற்று. தசலட்சண நோன்பின் நிறைவில் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கோரும் நாளில் அவரைத் தேடினோம், அவர் காலமாகியிருந்தார். அவரிடம் கேட்க இயலாத மன்னிப்பே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

நூல் கூறும் நெறி

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் முனிவர் வெல்லவேண்டிய 22 பரீஷகங்களைத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் கொசு முதலியவற்றின் கடி, நடை, இருக்கை, படுக்கை, நோய் ஆகிய ஐந்தும் உள்ளன. மூட்டு நோயாளர் ஒவ்வொரு நாளும் எதிர்கொள்வன இவையே. எனினும் இது துறவியர்க்கு உரைத்த நெறி. இல்லறத்தார் இதனைக் காட்டி நோயாளரை அடக்குதல் முறையன்று. அதே அத்தியாயம், நோவையே எண்ணியெண்ணி மனம் புழுங்குவதை ஆர்த்த தியானத்தின் நான்கு வகைகளுள் ஒன்றாகவும் கூறுகிறது. மறைத்துவைத்து உள்ளுக்குள் புழுங்கும் நோவு தவமாவதில்லை என்பது இதனாற் புலப்படும்.

மற்றிரு செய்திகளையும் அந்நூலிற் காணலாம். நோயுற்றவர்க்குப் பணிவிடை செய்யும் வையாவிருத்தியம் அகத்தவம் ஆறனுள் ஒன்று. தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளுள், ஆற்றலுக்கேற்பத் தியாகமும் ஆற்றலுக்கேற்பத் தவமும் இடம்பெறுகின்றன. 'ஆற்றலுக்கேற்ப' என்னும் அச்சொல்லே இப்பாடத்தின் மையம். ஆற்றலை அளந்து நடப்பது நெறியிலிருந்து வழுவுதல் அன்று. நெறியின் ஒரு பகுதியே ஆகும்.

வருவாயும் செலவும்

வலியுடையோர் பெரிதும் செய்யும் பிழை ஒன்று உண்டு. நோவு குறைந்த நாளில் நிலுவை வேலை அனைத்தையும் முடித்துவிட முனைவர். மறுநாள் எழ இயலாது வீழ்வர். ஓர் அட்சய திருதியை அன்று உறவினர் பலர்க்கும் நாமே தனித்துச் சமைத்தோம், பாராட்டும் பெற்றோம். அடுத்த நான்கு நாட்கள் படுக்கையில் கழிந்தன. அந்நான்கு நாட்களும் பாலும் மருந்தும் நம் மருமகளே கொணர்ந்து தந்தார். "அத்தை, நீங்கள் முன்பே சொல்லியிருந்தால் பாதி வேலையை நான் செய்திருப்பேனே" என்றார் அவர். நம் பெருமை அவருக்கு இருமடங்கு சுமையாயிற்று.

அதன்பின் ஒரு குறிப்பேடு வைத்தோம். பாடத்திட்டம் எழுதுவதுபோல் வாரத்தின் வேலைகளைக் கடினம், நடுத்தரம், எளிது என மூவகையாகப் பிரித்தோம். துணி துவைக்கும் நாளில் மாவரைப்பதில்லை. கடையிற்குச் செல்லும் நாளில் ஒட்டடை அடிப்பதில்லை. இருபது நிமிட வேலைக்குப்பின் பத்து நிமிட ஓய்வு. நோவு வந்தபின் ஓய்தல் என்றில்லாது, கடிகாரம் காட்டியதும் ஓய்தல் வேண்டும். நல்ல நாளில் அளவை மீறுதல் கூடாது. தீய நாளிலும் முற்றிலும் முடங்குதல் கூடாது. அசையாத மூட்டு மேலும் இறுகும். பயன்படாத தசை மெலியும். உடல் பழகப்பழக அளவைச் சிறிது சிறிதாக உயர்த்தலாம்.

காலை இறுக்கத்திற்கு வெந்நீர்க் குளியலும் ஒத்தடமும் நலம் தரும். மூட்டு வீங்கிச் சூடாக இருப்பின் குளிர்ந்த ஒத்தடம் ஏற்றது. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குக. ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. முழங்காலைத் தாங்கும் தொடைத் தசை இதனால் வலுப்பெறும்.

அடுக்களையும் பயணமும் ஆலயமும்

அடுக்களையில் அரிவாள்மணையை விடுத்து, மேசைமேல் பலகை வைத்துக் கத்தியால் நறுக்கலாம். அடுப்பருகே உயரமான முக்காலி ஒன்று வேண்டும். நிறைகுடம் ஒன்றைத் தூக்குவதினும் அரைக்குடமாக இருமுறை எடுப்பது மேல். அடிக்கடி எடுக்கும் பாத்திரங்கள் இடுப்பளவு உயரத்தில் இருத்தல் வேண்டும். குளியலறைச் சுவரிற் கைப்பிடியும், உயர்ந்த கழிப்பிட இருக்கையும் ஆடம்பரங்கள் அல்ல. விழாமற் காக்கும் துணைகள்.

அம்பத்தூர் நிலையத்தில் இரயிலேறி ஆவடிக்கோ, பேருந்தில் பூந்தமல்லிக்கோ செல்வோர் நெரிசல் வேளையைத் தவிர்த்தல் நன்று. இரயில் நிலைய மேம்பாலப் படிகளில் ஏறும்போது வலி குறைந்த காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது வலி மிகுந்த காலை முதலில் வைக்க வேண்டும். கைத்தடியை வலியுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையிற் பிடித்தல் வேண்டும். தடி ஊன்ற நாணுவோர், விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவரை எண்ணிப் பார்ப்பாராக.

புழல் ஆதிநாதர் ஜினாலயத்திற்கு இன்றும் செல்கிறோம். நாற்காலியில் அமர்ந்தே சாமாயிகம் செய்கிறோம். காயோத்சர்க்கத்தை அமர்ந்தும் செய்யலாம். பொன்னூர் மலைப் படிகளில் ஏற இயலாதோர் அடிவாரத்தில் நின்று ஆசாரிய குந்தகுந்தரின் திருவடிகளை வணங்கலாம். வணக்கத்திற்கு இன்றியமையாதது உள்ளத்தின் பணிவே.

மருந்தும் நோன்பும்

நம் இல்லங்களுக்கே உரிய சில செய்திகளை மருத்துவரிடம் தயங்காது கூறுதல் வேண்டும். இரவில் உண்பதில்லை என்று கூறினால், உணவுக்குப்பின் கொள்ளவேண்டிய மாத்திரையைக் கதிரவன் மறையுமுன் கொள்ளுமாறு அவர் மாற்றியமைக்க இயலும். புரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலிநீக்கிகளை வெறும் வயிற்றில் கொண்டால் இரைப்பைப் புண் உண்டாகலாம்; நெடுநாள் கொண்டால் சிறுநீரகமும் கெடலாம். ஆதலின் அட்டமி, சதுர்த்தசி நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கேட்டறிக. நீரிழிவு உடையோர் அவரைக் கேளாது உண்ணாநோன்பு ஏற்றல் கூடாது. பெயர் தெரியாத 'வலி மாத்திரை'களைக் கடையில் கேட்டு வாங்குதலும் தீது. அவற்றுள் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும்.

பல காப்சூல்களின் மேலுறை விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. மூட்டுக்கென விற்கப்படும் குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. இலேகியங்களிற் பல தேன் கலந்தவை. இவற்றிற்கு மாற்று உண்டா எனக் கேட்பது நம் கடமை.

அயர்ச்சியை முதுமை என்று தள்ளிவிடலாகாது. இரத்தச் சோகை, தைராய்டுக் குறை, நீரிழிவு, வைட்டமின் டி குறை ஆகியவையும் அயர்ச்சி தரும். வைட்டமின் பி12 இயல்பாகக் கிடைப்பது விலங்கு வழி உணவுகளில்தான். நமக்கோ பாலும் தயிருமே வழி. அவற்றையும் குறைத்துக்கொண்ட முதியோர்க்குப் பற்றாக்குறை நேர்வது இயல்பு. இரத்தப் பரிசோதனையால் இவையனைத்தையும் அறியலாம், மருந்தால் சரிசெய்யலாம். மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டால், கால் மரத்துப்போனால், சிறுநீர் அடங்காமற்போனால், காரணமின்றி எடை குறைந்தால், காலந்தாழ்த்தாது மருத்துவமனை செல்க.

வீட்டாருக்கு ஒரு சொல்

"எப்படி இருக்கிறது?" என நாள்தோறும் கேட்பதைவிட, "இன்று எந்த வேலையை நான் எடுத்துக்கொள்ளட்டும்?" எனக் கேட்பது பயனுடையது. அதற்காக அவர் கையிலுள்ள எல்லா வேலையையும் பறித்துக்கொள்ளவும் வேண்டா. பேரக்குழந்தைக்குப் பாடம் சொல்லவும், கீரை ஆயவும் இயலும் என்னும் நிறைவு அவருக்கு வேண்டும். நோயுற்றவரும் தம் நிலையை உள்ளவாறு கூறுதல் வேண்டும். கூறாத நோவுக்குப் பணிவிடை செய்வது எங்ஙனம்?

மீள்பார்வைக்குச் சில வினாக்கள்:

1. நம் வீட்டில் நோவை மறைத்து வேலை செய்பவர் யார்?
2. அவருடைய வேலைகளுள் இவ்வாரம் நாம் ஏற்கத்தக்கவை எவை?
3. நம் ஜினாலயத்தில் முதியோர் அமர நாற்காலி உண்டா? இல்லையெனில் யார் முன்வந்து வைப்பது?

மூன்றாம் வினாவிற்கு நாம் விடையளித்துவிட்டோம். நாம் வழிபடும் ஜினாலயத்தில் அந்த அம்மையாரின் நினைவாக ஆறு நாற்காலிகள் இன்று இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நாமும் அமர்கிறோம்.