கருப்பட்டிக்கு மாறினால் சர்க்கரை குறையுமா?

சர்க்கரை நோய் வந்த வீட்டில் முதலில் மாறுவது சமையலறை டப்பா. வெள்ளைச் சர்க்கரை இருந்த இடத்தில் கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்து இரவுச் சோறு போய்ச் சப்பாத்தி வரும். காலையில் வெந்தயத் தண்ணீர், நடை முடிந்து திரும்பும்போது பூங்கா வாசலில் ஒரு டம்ளர் அருகம்புல் சாறு. இவ்வளவும் செய்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ரிப்போர்ட்டில் அதே எண். "வாயைக் கட்டித்தானே இருக்கேன் டாக்டர்" என்பார்கள். பொய் சொல்லவில்லை. ஒன்றை எடுத்த இடத்தில் அதே வேலையைச் செய்யும் இன்னொன்றை வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். சர்க்கரை நோயைச் சுற்றி நம்மிடம் புழங்கும் நம்பிக்கைகளில் முக்கால்வாசி இந்த ஒரே குழப்பத்தில் கிளைத்தவை.

"கருப்பட்டி இயற்கையானது, ஏத்தாது"

பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சுத்திகரித்தால் வெள்ளைச் சர்க்கரை. இரண்டிலும் பெரும்பங்கு சுக்ரோஸ். கருப்பட்டியில் கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் பொட்டாசியம், நல்ல மணம் எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குடலுக்குள் போனதும் அந்தச் சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைந்து ரத்தத்தில் ஏறத்தான் போகிறது. தேனில் அவை ஏற்கெனவே உடைந்த நிலையிலேயே இருக்கின்றன. உடலுக்கு அந்த வேலையும் மிச்சம்.

உடன்குடியிலிருந்து ஆள் வைத்து வாங்கி வந்த அசல் சரக்கென்றாலும் இந்தக் கணக்கு மாறாது. (சர்க்கரைப் பாகு கலந்த கருப்பட்டி சந்தையில் புழங்குவது தனிக் கதை.) உண்மையான ஆபத்து, 'நல்லதுதானே' என்ற நினைப்பில் அளவு கூடிவிடுவது. ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் காபி குடித்தவர், கருப்பட்டி என்றதும் ஒரு துண்டைக் கூடுதலாகத் தட்டிப் போடுகிறார். நாளைக்கு மூன்று காபி என்றால் யோசித்துப் பாருங்கள். குடித்தே ஆக வேண்டுமென்றால் எதைப் போட்டாலும் அரை ஸ்பூன். நாக்கு ஓரிரு வாரத்தில் பழகிவிடும், பிறகு அதுவும் வேண்டாம்.

'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டும் இதே கதைதான். சர்க்கரையை எடுத்துவிட்டார்கள், மைதாவை எடுக்கவில்லை.

"ராத்திரி சோறு இல்லை, சப்பாத்திதான்"

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையைப் பார்க்கலாம். 100 கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து 78 கிராம். கோதுமை மாவில் 64. கேழ்வரகில் 67. கோதுமையிலும் கேழ்வரகிலும் நார்ச்சத்து 11 கிராம் இருக்க, அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு என்பது அவற்றின் நிஜமான பலம். மற்றபடி, மாவுச்சத்து இல்லாத தானியம் என்று ஒன்று கிடையாது.

இப்போது தட்டுக்கு வருவோம். ஒரு நடுத்தரச் சப்பாத்திக்கு 30 கிராம் மாவு. நான்கு சப்பாத்தி என்றால் மாவுச்சத்து 75 கிராமைத் தாண்டும். இது ஏறக்குறைய இரண்டு கிண்ணம் சோற்றுக்குச் சமம். கூடவே உருளைக்கிழங்குக் குருமா. சோற்றை நிறுத்திய திருப்தியில் ஐந்தாவது சப்பாத்தியும் இறங்கும். இதற்கு ஒரு கிண்ணம் சோறே சாப்பிட்டிருக்கலாம்.

சிறுதானியத்திலும் அப்படித்தான். வரகு, சாமை, தினை நல்லவை. தவிடு போகத் தீட்டி வெள்ளையாக்கி விற்கும் வரகரிசி அந்த அளவுக்கு இல்லை. கேழ்வரகை நைசாக அரைத்து, கொதிக்க வைத்துக் கூழாகக் கரைத்துக் குடித்தால் அது வேகமாகச் செரித்துச் சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றும். எவ்வளவு மசிக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் ஏறும். கஞ்சி வடித்துவிட்டால் சோற்றில் சர்க்கரை போய்விடும் என்பதும் இந்த ரகம். வடிகஞ்சியோடு போவது கொஞ்சம் மாவு, மீதி முழுவதும் பருக்கைக்குள்தான் இருக்கிறது.

அப்படியானால் எதைத்தான் மாற்றுவது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையமும் நடத்திய 'இண்டியாப்' ஆய்வில் 18,090 பேரின் உணவை அலசி 2022-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நம்மவர்கள் உண்ணும் கலோரியில் 60 முதல் 75 சதவீதம் வரை மாவுச்சத்திலிருந்து வருகிறது. புதிதாக நோய் கண்டவர்கள் அதை 49–54 சதவீதத்துக்குக் குறைத்து, புரதத்தை 19–20 சதவீதத்துக்கு உயர்த்தினால் நோய் தணியும் வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் சொன்னது.

சதவீதத்தை வைத்துச் சமைக்க முடியாது. நம் மதியத் தட்டை நினைத்துப் பாருங்கள்: நடுவில் சோறு குன்றுபோல, அதன் மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி அவரைக்காய்ப் பொரியல், போனால் போகிறதென்று ஓர் அப்பளம். இதைத் தலைகீழாக்க வேண்டும். பாதித் தட்டு பொரியலும் கீரையும். கால் தட்டு சுண்டலோ, பச்சைப்பயறோ, முட்டையோ, மீனோ. மீதிக் காலில் சோறு. அது பொன்னியா, கைக்குத்தலா, சப்பாத்தியா என்பது இரண்டாவது கேள்வி. காயையும் பயறையும் முதலில் தின்று, சோற்றைக் கடைசியில் தொட்டால், அதே சாப்பாட்டுக்கே சர்க்கரை குறைவாக ஏறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பிட்டு எழுந்ததும் டிவி முன் சாயாமல் கால் மணி நேரம் நடந்தால் இன்னும் நல்லது.

பழம் பற்றி ஒரே வரி: கொய்யாவைக் கடித்துத் தின்னுங்கள், எந்தப் பழத்தையும் ஜூஸ் போடாதீர்கள்.

"பாகற்காய் கசப்பு, சர்க்கரையை முறிக்கும்"

கசப்பும் இனிப்பும் நாக்கில்தான் எதிரிகள். ரத்தத்தில் அப்படி ஒரு சண்டை நடப்பதில்லை. பாகற்காய் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, 2012-ல், அது சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. வெந்தயத்தில் நார்ச்சத்து உண்டு, ஓரளவு உதவும். சமையலில் தாராளமாகச் சேருங்கள். மாத்திரைக்குப் பதிலாக என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

"மாத்திரை போட்டா கிட்னி போயிடும்"

ஆள் இதனால்தான் அதிகம் கெடுகிறார் என்பது என் கருத்து. இந்த நம்பிக்கை எப்படி வேர்விட்டது என்பதும் புரிகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் பதினைந்து வருடம் மாத்திரை சாப்பிட்டார், பிறகு டயாலிசிஸுக்குப் போனார். பழி மாத்திரை மேல் விழுந்தது. அந்தப் பதினைந்து வருடமும் கட்டுக்குள் வராத சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அரித்துக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

பெரும்பாலோர் முதலில் சாப்பிடும் மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். அது சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் வழியாகத்தான் அது வெளியேற வேண்டும் என்பதால், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்தவர்களுக்கு மருத்துவர் அளவைக் குறைப்பார். வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார். "கிட்னிக்காக மாத்திரையை நிறுத்தினாங்க" என்ற செய்தி, தெருமுனை தாண்டுவதற்குள் "மாத்திரையால கிட்னி போச்சு" ஆகிவிடுகிறது. இன்னொரு வேடிக்கை: 'இங்கிலீஷ் மருந்து' என்று ஒதுக்கப்படும் இதற்கு மூலம் ஒரு மூலிகை. கலேகா என்ற ஐரோப்பியச் செடியின் வேதிப்பொருளைப் பின்தொடர்ந்து போய்க் கண்டது. 1957-ல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார்.

சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள், மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரையையும், பெயரே இல்லாத பொட்டலத்தில் வரும் பொடியையும் பற்றிக் கவலைப்படட்டும்.

மருந்தை நிறுத்துவதில் விளையாடவே கூடாத இடம் ஒன்று உண்டு. டைப் 1 நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து. எந்தக் கஷாயமும் அங்கே ஈடாகாது.

"நான் ஒல்லி, எனக்கு வராது"

2004-ல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் லண்டனின் ஜான் யுட்கின், மற்றவர் புனேயின் சி.எஸ். யாஜ்னிக். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. கொழுப்பின் அளவோ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் உடம்பின் சுபாவம் இது. கையும் காலும் மெலிந்திருக்க வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். அதனால் எடை மெஷினைவிடத் தையற்காரரின் டேப் நமக்கு உண்மையைச் சொல்லும்: இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. தாண்டினால் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

பரிசோதனை என்றதும், "நாளைக்கு டெஸ்ட், இன்னிக்கு ராத்திரி ரெண்டே இட்லி" என்று அடங்கி ஒடுங்குபவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். வெறும் வயிற்று அளவை அப்படி ஏமாற்றலாம். ஹெச்பிஏ1சி பரிசோதனையோ இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும். தீபாவளிப் பலகாரம் வரை.

"முழுசா குணப்படுத்தறோம்"

விளம்பரம் சொல்லும் விதத்தில் இல்லை. ஆனால் இதில் பாதி உண்மை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவதும் தப்பு. 2018-ல் வெளியான பிரிட்டனின் 'டைரெக்ட்' ஆய்வில், டைப் 2 நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களைக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே நோயின் எல்லைக்குக் கீழே வந்தார்கள். இரண்டாவது வருட முடிவில் அது 36 சதவீதமாகக் குறைந்தது. எடை திரும்பினால் நோயும் திரும்பும். இதைத் தணிவு என்று சொல்லலாம், குணம் என்று சொல்ல முடியாது. மாத்திரையைக் குறைப்பதும் அங்கே மருத்துவர் மேற்பார்வையில்தான் நடந்தது.

நோய் வருமுன்னே இதைவிட நல்ல சேதி உண்டு. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு, நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டது. நடையும் உணவும் மட்டும் மாற்றியவர்களிடம் நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டவர்களிடம் 26.4. ஆக, அந்த வாசலில் நிற்கும்போதே தெரிந்துகொள்வது முக்கியம். முப்பது வயதைத் தாண்டியிருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே காசு கேட்க மாட்டார்கள். ஏற்கெனவே நோய் இருந்தால் வருடம் ஒருமுறை கண், சிறுநீர், பாதம் மூன்றையும் காட்டுங்கள். மாத்திரையை நிறுத்தலாமா என்ற கேள்வியையும் அங்கேயே கேளுங்கள்.