கடையின் கிடங்கும் தீவின் கிடங்கும்

ஆங் மோ கியோ, சிங்கப்பூர்



வணிகவியல் படிக்க விரும்பும் மாணவர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய தொடர் 'விநியோகச் சங்கிலி மேலாண்மை' என்பதாகும். ஒரு பொருள் விளையும் இடத்திலிருந்து வாங்குவோர் கைக்கு வந்து சேரும்வரை நடைபெறும் கொள்முதல், போக்குவரத்து, இருப்பு வைத்தல், கடைகளுக்குப் பங்கிடுதல் ஆகிய வேலைகள் அனைத்தையும் தனித்தனியே பாராமல் ஒரே திட்டத்தின்கீழ்க் கொண்டுவருவதை அது குறிக்கிறது. 1982இல் கீத் ஆலிவர் என்ற ஆலோசகர் வாயிலாக அத்தொடர் பரவலாயிற்று.

அதற்கு முற்பட்ட காலத்தில் சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளைப் போன்ற சிறு கடைகள், மொத்த வியாபாரியிடம் சரக்கெடுத்துக் கடையின் பின்கட்டிலேயே மூட்டைகளை அடுக்கி வைத்தன. எந்தச் சரக்கு எப்போது வரும், என்ன விலைக்கு வரும் என்பதை மொத்த வியாபாரியே அறிந்திருந்தமையால் பேரம் பேசும் வலிமையும் பெரும்பாலும் அவரிடமே இருந்தது. 1972 ஜூன் 23 அன்று 'நிஹோன்' என்னும் முதல் கொள்கலன் கப்பல் தஞ்சோங் பகார் முனையத்தை அடைந்தபோது கடல்வழி வரும் சரக்கைக் கையாளும் முறை மாறத் தொடங்கியது. மறு ஆண்டு ஜூலையில், விலைவாசி ஏற்றமும் கொள்ளை லாபமும் மக்களை வாட்டிய வேளையில், தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோ பாயோவில் தன் 'வெல்கம்' கூட்டுறவுப் பேரங்காடியைத் திறந்தது. அது 1983இல் மற்றொரு கூட்டுறவு அமைப்புடன் இணைந்து 'ஃபேர்பிரைஸ்' ஆயிற்று.

ஆங் மோ கியோவுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. பொங்கோலில் பன்றிப் பண்ணை நடத்திவந்த லிம் குடும்பத்தின் சகோதரர்கள், 1985இல் இவ்வட்டாரத்தில் 'ஷெங் சியோங்' பேரங்காடி நிறுவனத்தின் முதல் கடையைத் தொடங்கினர். கடைகள் பெருகியபோது ஒவ்வொன்றுக்கும் விற்பனையாளர்கள் தனித்தனியே சரக்கு அனுப்புவதைவிட, எல்லாச் சரக்கையும் ஒரே மையக் கிடங்கில் இறக்கி, அங்கிருந்து கடைவாரியாகப் பிரித்து அனுப்புவது மலிவாயிற்று. அந்நிறுவனம் 2011இல் மண்டாய் லிங்க்கில் தலைமையகத்தோடு சேர்ந்த விநியோக மையத்தை அமைத்ததற்கு இதுவே அடிப்படை.

மையக் கிடங்கு பயன்தர வேண்டுமானால் கடையில் விற்றது என்ன என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும். 1974இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கடையொன்றில் முதன்முதலாகப் பயன்பட்ட பட்டைக்குறியீடு இதற்கு வழிசெய்தது. நாளொன்றுக்கு 20 பை அரிசி விற்கும் கடைக்குப் புதுச் சரக்கு வந்துசேர 3 நாள் ஆகுமெனில், இருப்பு 60 பைகளாகக் குறையும்போதே அடுத்த கொள்முதல் ஆணை போக வேண்டும். லாரி தாமதித்தாலோ விற்பனை திடீரெனக் கூடினாலோ சமாளிப்பதற்காக அதற்குமேல் வைக்கும் சில பைகள் 'காப்பிருப்பு' எனப்படும். விற்பனைத் தகவல் எவ்வளவு விரைவாகக் கிடைக்கிறதோ அவ்வளவுக்குக் காப்பிருப்பைக் குறைக்கலாம். முடங்கும் பணமும் இடமும் மிச்சமாகும்.

ஆயினும் இக்கணக்கு இயல்பான நாள்களுக்கே பொருந்தும். 2020 பிப்ரவரியில் கொவிட்-19 எச்சரிக்கை நிலை உயர்த்தப்பட்டதும் மக்கள் அரிசியையும் நூடுல்ஸையும் அள்ளிச் செல்லவே, பல கடைகளின் அலமாரிகள் சில மணி நேரத்தில் காலியாயின. அப்போது நாட்டில் அரிசி இருந்தது, கடையில்தான் இல்லை. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் இத்தீவில், பொன்னி, பாசுமதி, புழுங்கல் உள்ளிட்ட அரிசி வகைகளை இறக்குமதி செய்வோர், தம் மாத இறக்குமதியின் இருமடங்கை அரசு குறித்த கிடங்கில் இருப்பு வைக்க வேண்டும் என்பது விதி. வணிகர் வீண் செலவென்று குறைக்க முனையும் அதே இருப்பை அரசு காப்பீடாகக் கருதி வைக்கச் சொல்கிறது.

ஆகவே இத்துறையைக் கற்பவர், இருப்பைக் குறைப்பதே திறமை என்று முடிவுகட்டிவிடலாகாது. கெடாத அரிசியை மாதக்கணக்கில் வைக்கலாம், கீரையை இரண்டு நாள்கூட வைக்க முடியாது. ஒன்றுக்குக் கிடங்கும் மற்றொன்றுக்குப் பல நாடுகளிலிருந்து வாங்கும் வழிகளுமே பாதுகாப்பு. எப்பொருளுக்கு எவ்வளவு இருப்பு, அதை எங்கே வைப்பது, அதன் செலவை யார் ஏற்பது என்னும் மூன்று கேள்விகளுக்கும் பொருளின் இயல்பறிந்து விடை காண்பதே இக்கல்வியின் சாரம்.