வாயிலும் வாயில் காவலும்
மாக் கருவகத்திற் செய்திப் போக்குவரத்து

ஒரு கணிப்பொறியினுள்ளே ஒரே காலத்திற் பல நூறு நிரல்கள் இயங்குகின்றன. நேரம் காட்டுவது ஒன்று. திரையில் எழுத்தை வரைவது ஒன்று. விசைப்பலகையின் தட்டை அறிவது பிறிதொன்று. இவை ஒன்றன் நினைவகத்தை மற்றொன்று தொடாதவாறு தனித்தனிச் சுவர்களுக்குள் வாழ்வன. சுவர் இல்லையாயின் ஒன்றன் பிழை எல்லாவற்றையும் வீழ்த்தும். சுவர் மாத்திரம் இருந்து வழி இல்லையாயினோ, தட்டிய எழுத்து திரைக்குப் போய்ச் சேராது. ஆதலின் சுவருக்கு ஊறு நேராமற் சொல் மட்டும் கடந்து செல்லும் ஏற்பாடு ஒன்று வேண்டப்படுகின்றது. அவ்வேற்பாட்டைக் காப்பது கெர்னல் எனப்படும் உட்பகுதியின் கடமை. இது பொறியியல் பயில்வார்க்கு உரிய பொருளாயிற்றே, தமிழ் பயில்வான் ஒருவன் இதனுட் புகுதல் தகுமோ என நண்பர் சிலர் வினவக்கூடும். தகுமா தகாதா என்பது போகப் போகத் தெரியும்.

கெர்னல் என்னும் ஆங்கிலச் சொல் வித்தின் உள்ளீட்டைக் குறிப்பது. அதனைக் கருவகம் என்றல் பொருத்தமே. ஆனால் போர்ட் என்னும் சொல்லைத் துறை எனப் பெயர்ப்பார் உளர். துறை என்பது கப்பல் தங்கும் இடத்தையும், நீர் முகக்கும் படியையும், அகப்பொருட் பாகுபாட்டையும், இக்காலத்து அரசாங்கப் பகுதியையும் குறிக்கும். இத்துணைச் சுமை தாங்கும் சொல்லின் தலைமேல் இன்னுமொரு மூட்டையை ஏற்றுதல் வேண்டா. யாம் வாயில் என்னும் சொல்லையே கொள்கின்றோம். தொல்காப்பியர் கற்பியலிலே, தலைவன் தலைவியரிடையே நின்று சொல் நிகழ்த்துவோராகத் தோழி, பாணன், விறலியர் முதலாய பன்னிரு திறத்தாரைத் தொகுத்து, அவர்க்கு வாயில்கள் என்று பெயரிட்டார். சுவரில் அமைந்த புழையும் வாயில். அதன் வழிச் சொல் கொண்டு செல்வாரும் வாயில். மாக் என்னும் கருவகத்திற் போர்ட் எனப்படுவது இவ்விரண்டும் ஒருங்கே ஆகும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிற் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னெகி மெலன் சர்வகலாசாலையில், ரிச்சர்ட் ரஷீத் என்பாரும் அவர் குழுவினரும் 1981-ஆம் ஆண்டளவில் ஆக்சென்ட் என்னும் கருவகத்தை இயற்றினர். அதிலே வேரூன்றிய வாயிற் கருத்தைப் பின்னர் 1985-ஆம் ஆண்டளவிற் பிறந்த மாக் தன் அடித்தளமாக்கிக்கொண்டது. இப்பெயர்க்குக் கதையொன்று கூறுவர். மழைச் சேற்றில் நடந்து வந்தோர், சேறு எனப் பொருள்படும் மக் என்ற சொற்சுருக்கத்தை விளையாட்டாகச் சூட்ட, இத்தாலியர் ஒருவர் தம் நாவுக்கு இயைந்தவாறு அதனை மாக் என்று உச்சரித்தனராம். ரஷீத் அவ்வொலியையே விரும்பி வைத்துக்கொண்டாராம். அக்குழுவிலிருந்த ஆவி டெவேனியன் 1988-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் நிறுவிய நெக்ஸ்ட் ஸ்தாபனத்திற்குச் சென்றார். மாக்கும் அவருடன் சென்றது. 1997-இல் நெக்ஸ்ட், ஆப்பிள் ஸ்தாபனத்தின் உடைமையாயிற்று. அதன் பயனாக, மாக்கின் வழித்தோன்றலாகிய எக்ஸ்.என்.யூ. என்னும் கருவகம் 2001 மார்ச்சில் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கும், 2007-இல் ஐபோனுக்கும் உயிர்நிலை ஆயிற்று.

இனி, பிட்ஸ்பர்க் எங்கே, எம்மூராகிய சிங்கப்பெருமாள் கோவில் எங்கே? எம்மூரை அடுத்த மகீந்திரா வேர்ல்ட் சிட்டியிற் பெகட்ரான் ஸ்தாபனத்தின் ஐபோன் தொழிற்சாலை 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதன் 60 விழுக்காட்டுப் பங்கு டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் வசமாயிற்று. பணி முடிந்து மின்சார வண்டிக்கு வரும் தொழிலாளர் கூட்டத்தை எம்மூர் நிலையத்திற் காண்போர் பலர். அவர் கைப்பட்ட கருவியினுள் நிகழும் ஓலைப் போக்குவரத்தை எண்ணியவர் சிலரே. ஆதலின் இஃது அயலூர்ப் பொருள் அன்று.

இயங்குகின்ற நிரல் ஒன்றை, அதன் நினைவகத்தோடும் உரிமைகளோடும் சேர்த்து, மாக் நூலார் டாஸ்க் என்பர்; யாம் பணி என்போம். வாயில் என்பது கருவகத்தினுள்ளே இருக்கும் ஒரு செய்தி வரிசை. எந்தப் பணியும் அதனை நேரே தொடல் இயலாது. எம்மூர் மலைக்குடைவில் அமைந்த நரசிங்கப் பெருமாள் சந்நிதியில், வழிபட வந்தோர் கருவறையுட் புகாமல், தட்டை அர்ச்சகர் கையிற் கொடுத்து நிற்பதனைக் கண்டிருப்பீர்கள்; உட்செல்வார் அவரே, மீட்டுத் தருவாரும் அவரே. அதுபோலவே பணிகள் வேண்டுகோளை மட்டும் விடுக்கும். வாயிலைக் கையாள்வது கருவகமே.

பணியினிடத்து இருப்பது வாயில் அன்று, வாயில்மீது உரிமை. அவ்வுரிமை மூவகைப்படும். செய்தியை எடுத்துக்கொள்ளும் உரிமை ஏற்புரிமை. இஃது எக்காலத்தும் ஒரே பணியினிடத்து மட்டுமே இருக்கும். செய்தியைச் செலுத்தும் உரிமை விடுப்புரிமை. இதனைப் பல பணிகள் கொண்டிருக்கலாம். ஒரே ஒரு செய்தியைச் செலுத்தியவுடன் தானே அழிந்துபோவது ஒருகால் விடுப்புரிமை. உரிமை இல்லாத பணிக்கு அவ்வாயில் உளது என்பதே தெரியாது. அகத்துறையிலே வாயில் மறுக்கும் தோழி, வந்தவன் குரலைக் கேட்டாவது மறுக்கின்றாள். கருவகமோ கேளாமலே மறுக்கும்.

இவ்வுரிமைகள் பணியின் கையில் எவ்வுருவில் இருக்கின்றன? வெறும் எண்ணாக. ஒவ்வொரு பணிக்கும் தனித்தனிப் பெயரேடு உண்டு. இன்ன எண் இன்ன உரிமையைக் குறிக்கும் என்பதை அவ்வேடு காட்டும். ஏடு கருவகத்தின் காவலில் இருக்கும். ஒரே வாயிலுக்கு ஒரு பணியில் ஓரெண்ணும் வேறொரு பணியில் வேறெண்ணும் பெயராகலாம். தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தார்க்கு இதனை விளக்கல் எளிது. ஒரே மனிதர் ஒரு வீட்டில் சித்தப்பா, மறு வீட்டில் மாமா, மூன்றாம் வீட்டில் மைத்துனர். அயல் வீட்டான் ஒருவன் மாமா என்னும் பெயரைக் கேட்டறிந்து போய்த் தன் வீட்டில் நின்று அழைத்தால், வருபவர் அவர் அல்லர், அவன் தாயோடு பிறந்தார். அங்ஙனமே ஓர் எண்ணை ஊகித்தோ திருடியோ பயனில்லை. அவ்வெண் திருடியவன் ஏட்டில் வேறொன்றைக் குறிக்கும், அல்லது ஒன்றையும் குறியாது. அறிவு வேறு, உரிமை வேறு என்னும் இவ்வேறுபாடே மாக் அமைப்பின் நயம் என்பது எம் கருத்து.

அங்ஙனமாயின் ஒரு பணி புதிய உரிமையைப் பெறுவது எவ்வாறு? செய்தியின் வாயிலாகவே. செய்தியிற் சொற்களோடு உரிமைகளையும் வைத்து அனுப்பலாம். உள்ள உரிமையை விட்டுக்கொடுத்து அனுப்பலாம். விடுப்புரிமையாயின் தன்னிடம் ஒன்றை வைத்துக்கொண்டு படியெடுத்து அனுப்பலாம். ஏற்புரிமை உடையவன் புதிய விடுப்புரிமைகளை ஆக்கியும் அனுப்பலாம். கருவகம் அனுப்புவோன் ஏட்டிலுள்ள எண்ணை வாசித்து, உண்மை வாயிலைக் கண்டு, ஏற்போன் ஏட்டில் உரிய எண்ணால் அதனை எழுதித் தரும். முதன்முதற் பிறந்த பணிக்கு யாரையும் தெரியாதே எனின், அதற்கென ஒரு வாயிலின் விடுப்புரிமையைப் பிறவிச் சீராகக் கொடுத்தே விடுகின்றனர். ஆப்பிள் கருவிகளில் அவ்வாயிலுக்கு அப்பால் இருப்பது லாஞ்ச்டீ என்னும் பணி. இன்ன சேவை வேண்டும் என்று அதனைக் கேட்டால், தகுதி நோக்கி அச்சேவையின் விடுப்புரிமையைத் தரும். ஊருக்குப் புதியவன் தபாற்காரரை விசாரிப்பது போன்றது இது.

தூது என்னும் அதிகாரத்து உரையில், தான் வகுத்துக் கூறுவார், கூறியது கூறுவார், ஓலை கொடுத்து நிற்பார் எனத் தூதர் திறத்தைப் பரிமேலழகர் சுட்டுவர். மூன்றாமவரைக் கடையர் என்பது மரபு. கருவகமோ இக்கடைத் தூதனாக இருத்தலையே பெருமையாகக் கொண்டது. ஓலையின் சொற்களை அது வாசிப்பதில்லை, திருத்துவதில்லை. உரிமைகளை மட்டும் பெயர் மாற்றி எழுதுகின்றது. அரசியலுக்கு ஆகாத தூதன் இயந்திரத்துக்கு ஆகின்றான்!

வினவிய செய்திக்கு விடை வர வேண்டுமன்றோ? அதற்கே ஒருகால் விடுப்புரிமை. முற்காலத்துத் தபாலாபீசில் இரட்டை அட்டை விற்பர்; ஒன்றில் எழுதி அனுப்பினால், மற்றதில் விடை எழுதி மீட்டனுப்புவர்; ரிப்ளை கார்டு என்பது வழக்கு. வினவும் பணி, தன் வாயிலுக்குரிய ஒருகால் விடுப்புரிமையை வினாவோடு இணைத்து அனுப்பும். விடை இறுப்போன் அதனைக் கொண்டு ஒரு முறை பேசலாம். மறு முறை தொல்லை செய்ய இயலாது. விடை கூறாமலே அவன் அவ்வுரிமையை அழித்துவிட்டால், அல்லது அவனே மாண்டுபோனால், கருவகம் தானே ஓர் அறிவிப்பை வினவியவனுக்கு அனுப்பும். விடை வாராமை என்பதும் ஒரு விடையாக வந்து சேரும். தபாலாபீசுக்கு இது கைவந்ததில்லை.

வரிசைக்கு அளவு உண்டு. தொடக்கத்தில் ஒரு வாயிலில் 5 செய்திகளே காத்திருக்கலாம். ஏற்போன் விரும்பினால் உயர்த்திக்கொள்ளலாம். நிரம்பிய வாயிலுக்கு அனுப்புவோன், இடம் உண்டாகும்வரை நிறுத்தி வைக்கப்படுவான். இத்துணை நேரமே காத்திருப்பேன் என்று முன்னரே கூறியிருந்தால் அந்நேரம் கழிந்ததும் வெறுங்கையோடு திரும்புவான். ஒருகால் விடுப்புரிமையால் வரும் விடைக்கு மட்டும் இவ்வளவு தடையாகாது. காரணம் வெளிப்படை: ஓருரிமைக்கு ஒரு செய்தியே ஆதலின் வெள்ளம் பெருக வழியில்லை, விடை இறுக்கும் சேவை சோம்பேறி ஒருவனுக்காக வாயிலில் நின்று வாடவும் வேண்டா. வாயில்கள் பலவற்றை உடைய பணி, அவற்றை ஒரு தொகுதியாக்கி, எதிற் செய்தி வரினும் எழுப்புக என்று உறங்கலாம்.

இனி இறப்பு. வாயில் மேலாட்சியில் அரிய பகுதி இதுவே. ஏற்புரிமை அழிந்தால் வாயிலும் அழியும். அப்பொழுது பிறரிடமிருந்த விடுப்புரிமைகள் இறந்த பெயர்களாக மாறும். எண் ஏட்டிலேயே இருக்கும். அதற்குச் செய்தி விடுத்தால் பிழை என்று விடை வரும். எண்ணை உடனே அடித்துவிட்டால் என்ன? அவ்வெண்ணை வேறோர் உரிமைக்குக் கொடுக்க நேரும். பழைய நினைவில் அனுப்பிய ஓலை புதியவன் கையிற் போய்ச் சேரும். மறுபக்கம், விடுப்புரிமை ஒன்றேனும் இல்லாதொழிந்தால், அனுப்புவோர் இலர் என்னும் அறிவிப்பை ஏற்போன் கேட்டுப் பெறலாம். பெற்றுத் தன் கடையைக் கட்டலாம்.

எப்பொழுது ஒன்றேனும் இல்லை என்று சொல்வது? அதற்குக் கணக்கு வேண்டும். ஒரே வாயிலின் விடுப்புரிமை ஒரு பணிக்குப் பத்து முறை வந்தால், பத்து எண்கள் எழுதப்படா. ஒரே எண்ணின் எதிரே பத்து என்று குறிக்கப்படும். ஒவ்வொன்றாக விடுவிக்கக் கணக்குக் குறையும். சுழியாகும்போது எண் நீங்கும். நிரல் எழுதுவோர் விடுவிக்க மறந்தால் உரிமைகள் தேங்கிக் கருவகத்தின் நினைவகம் வீணாகும். மிகையாக விடுவித்தாலோ, அதனினும் தீது.

அத்தீமைக்குச் சான்று 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிப்பட்டது. கூகிள் ஸ்தாபனத்துப் பிராஜெக்ட் ஜீரோ குழுவைச் சார்ந்த இயன் பீர் ஐபோனின் கருவகத்தில் ஒரு குறையைக் கண்டறிந்து வெளியிட்டார். மேற்கூறிய கணக்கின் உச்சம் 65,535. உச்சத்தை எட்டிய கணக்கு அதற்குமேல் ஏறாது நின்றது. ஆனால் உரிமைகள் வந்துகொண்டே இருந்தன. பின்னர் அவை விடுவிக்கப்படும்போது ஒவ்வொன்றும் முறையாகக் கழிக்கப்பட்டது. ஏறும்போது எண்ணாது விட்டவற்றை இறங்கும்போது எண்ணியதே பிழை. இதனால் உரிய காலத்துக்கு முன்னரே கணக்குச் சுழியாகி எண் நீங்கிற்று. லாஞ்ச்டீயினிடத்து ஒரு சேவைக்குரிய எண்ணை இவ்வாறு நீக்கி, அவ்வெண்ணிலேயே தன் வாயிலை அமர்த்திவிட்டால், அச்சேவையைத் தேடி வந்த பிற பணிகளுக்கு லாஞ்ச்டீ தன்னையறியாமற் கள்வன் வாயிலையே காட்டும். ஒரே எண் மீண்டும் வாராதபடி, எண்ணின் ஒரு பகுதியாகத் தலைமுறை எண் ஒன்றை மாக் வைத்திருந்தது உண்மை. ஆயின் அது மிகச் சிறிய எண். சிலமுறை சுற்றினால் முதலுக்கே திரும்பும். ஐ.ஓ.எஸ். 10.2 பதிப்பில் இக்குறை களையப்பட்டது. கதவும் சுவரும் செவ்வனே நின்றன. வாயிற்காவலன் தலை எண்ணியதிலே தவறினான், அவ்வளவே.

மாக் மீது வேறொரு குறையும் சாற்றினர். கோப்பு, வலைப்பின்னல் முதலிய சேவைகளையெல்லாம் கருவகத்துக்கு வெளியே வைத்து, செய்தியாலேயே யாவும் நடக்க வேண்டும் என்று அதன் ஆசிரியர் விரும்பினர். உரிமை நோக்கலும் பெயர் மாற்றலும் ஒவ்வொரு செய்திக்கும் நேர, வேகம் குன்றியது. ஜெர்மானியராகிய யோகன் லீட்கே 1993-இல், சிறு செய்திகளை மாக்கினும் ஏறத்தாழ இருபது மடங்கு விரைவிற் கடத்தலாம் என்று தம் கருவகத்தைக் கொண்டு காட்டினார். ஆப்பிளார் இடைவழி நின்று, யூனிக்ஸ் மரபின் பெரும்பகுதியை மாக்கோடு ஒரே கருவகத்துள் வைத்துக்கொண்டனர். தூய்மை குறைந்தது என்பார் உளர். கைப்பேசி விரைவாக எழுந்தாற் போதும் என்பாரே மிகுதி.

கண்ணாற் காண விரும்பும் மாணவர், மெக்கின்டாஷ் கணிப்பொறி வாய்த்தால், ஆளுகை உரிமையோடு எல்.எஸ்.எம்.பி. என்னும் கட்டளையைச் சிற்றெழுத்தில் ஒரு பணியின் எண்ணோடு தட்டிப் பார்க்கலாம். அப்பணியின் பெயரேடு முழுவதும் திரையில் விரியும். எவ்வெண், எவ்வகை உரிமை, வரிசையில் எத்துணைச் செய்தி என்பனவெல்லாம் நிரல்படக் கிடக்கும். வேறொரு பணிக்கும் அவ்வாறே செய்து, இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்து ஓரெண்ணைத் தேடுக. இங்கே ஒரு வாயிலைக் குறித்த அவ்வெண், அங்கே முற்றும் வேறொன்றைக் குறித்து நிற்றலைக் காணலாம்.