பெட்ரோல் டேங்க்கை இறக்கப் போகிறீர்களா?

டேங்க் கழற்றும் வேலையில் பயப்பட வேண்டியது ஆவிக்குத்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; தரையோடு ஊர்ந்துபோய் அடுத்த அறையில் எரியும் அடுப்பைக்கூட எட்டிவிடும். அதனால் திறந்தவெளியில் செய்யுங்கள். குழி வெட்டிய பட்டறை வேண்டவே வேண்டாம், ஆவி குழிக்குள் தேங்கும். வயர் பல்பு கூடாது, செல் டார்ச் போதும். உலர்பொடித் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் மிதந்து தீயைப் பரப்பும்.

சாதாரண இன்ஜெக்‌ஷன் கார் என்றால், பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். குழாயில் அழுத்தம் குறைந்து தானாக நிற்கும். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்ரோலைக் கைப்பம்பால் எடுங்கள். வாய் வைத்து உறிஞ்சுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். கொஞ்சம் நுரையீரலுக்குள் போனாலே ஆஸ்பத்திரிதான். ஆல்ட்டோ 800-இன் டேங்க் 35 லிட்டர். நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டுமே ஏறத்தாழ 26 கிலோ, அதோடு இறக்க முயலாதீர்கள்.

காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், சக்கரத்துக்கு முட்டு கொடுங்கள்.

பலரும் தடுமாறுவது அடுத்த கட்டத்தில். டேங்க்குக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கி, பட்டை போல்ட்டுகளைக் கழற்றியதும் சரசரவென்று இறக்கிவிடுகிறார்கள். மேலே மாட்டியிருக்கும் குழாய்கள் இழுபட்டு, பிளாஸ்டிக் முனை முறிந்துவிடும். நாலு விரற்கடை மட்டும் இறக்கி நிறுத்துங்கள். கையை உள்ளே விட்டு முதலில் பம்ப் வயர் சாக்கெட்டைக் கழற்றுங்கள். அப்புறம் குழாய்கள். பூட்டைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்து, குழாயை லேசாக உள்ளே தள்ளி, இரண்டு காதையும் அழுத்திக்கொண்டு இழுத்தால் வந்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். துணியைச் சுற்றிப் பிடியுங்கள், மிச்ச பெட்ரோல் வழியும். எது எங்கே என்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். பெட்ரோல் ஊற்றும் வாய்க்குழாயை இழுக்காமல் திருகித் திருகி எடுங்கள். இறுகிப்போனால் வெட்டிவிட்டுப் புதுசு போடுவதே மேல். துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். கிரைண்டரும் கேஸ் டார்ச்சும் கிட்டவே வரக்கூடாது.

இறக்கிய டேங்க் காலியாக இருக்கிறதே என்று வெல்டிங் கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே இருப்பது முழுக்க ஆவியும் காற்றும். ஓட்டை விழுந்ததை மாற்றிவிட வேண்டும் என்பதே என் கட்சி.

மாட்டும்போது பம்ப்பின் ஓ-ரிங் கண்டிப்பாகப் புதுசு. பட்டைக்கு உள்பக்க ரப்பரை மறக்காதீர்கள். டேங்க்கை முழுதாக ஏற்றுவதற்கு முன்பே குழாய்களைச் செருகி, ‘டக்’ என்ற சத்தம் கேட்டதும் இழுத்துப் பாருங்கள். ஆவிக்குழாய் எங்கும் நசுங்கக் கூடாது.

ஐந்து லிட்டர் ஊற்றுங்கள். ஃபியூஸையும் பேட்டரியையும் மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை இரண்டு மூன்று தடவை ஆன் செய்து, கீழே குனிந்து பாருங்கள். ஈரம் இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யலாம். அடுத்து டேங்க்கை நிரப்பியதும் இன்னொரு தடவை பாருங்கள். பம்ப் மூடி மேல்பக்கம் இருப்பதால், அதன் கசிவு டேங்க் நிறைந்தால்தான் தெரியும்.