மூன்று தண்டனை, ஒரே சிறைவாசமா?

கேள்வி: ஒரே வழக்கில் பத்தாண்டு, ஏழாண்டு, மூன்றாண்டு என்று தண்டனை கொடுத்துவிட்டு, ‘ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்கிறார்களே. அப்படியென்றால் பத்தாண்டுதானா? பிறகு எதற்கு மூன்று தண்டனை?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: ஆமாம், பத்தாண்டுதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, நீதிபதி ‘ஏககாலத்தில்’ என்று சொல்லாவிட்டால் தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தின் 25ஆம் பிரிவு, குற்றங்களின் கடுமையைப் பார்த்து எந்த வழி என்று நீதிபதியையே முடிவுசெய்யச் சொல்கிறது.

ஆயுள் தண்டனைக்கு வேறு கணக்கு. ஓர் ஆயுள் முடிந்து இன்னோர் ஆயுள் என்று அடுக்க முடியாது என்று 2016இல் தமிழ்நாட்டின் முத்துராமலிங்கம் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

தனித்தனித் தண்டனை எதற்கு என்பதற்கு உங்கள் பக்கத்துப் பூந்தமல்லியிலேயே சான்று உண்டு. ராஜீவ் கொலை வழக்கில் அங்கிருந்த தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு விதித்தது. மறு ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மற்ற சிறு குற்றங்களுக்கான தண்டனைக் காலம் ஏற்கெனவே சிறையில் கழிந்திருந்ததால் அவர்கள் வெளியே வந்தார்கள். மேல்முறையீட்டில் பெரிய தண்டனை விழுந்தாலும் சிறியது தன் காலில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் தனித்தனியே எழுதுகிறார்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: அபராதம் கட்டாததற்கான சிறை ஏககாலத்தில் சேராது, கூடுதலாகவே அனுபவிக்க வேண்டும்.