100 மில்லி தண்ணீரில் எத்தனை கிருமி இருக்கலாம்?

(அறிவியல் மூலை – எழுதியவர்: 9-ஆம் வகுப்பு மாணவி)

ஆற்றுத் தண்ணீரிலும் கழிவுநீரிலும் இவ்வளவு கிருமிதான் இருக்கலாம் என்று அரசாங்கம் அளவு வைத்திருக்கிறது. "கிருமியே இருக்கக் கூடாதுன்னு ஒரே வரியில சட்டம் போட்டா முடிஞ்சுது, இதுக்கு எதுக்குடி கட்டுரை?" என்று என் தோழி கேட்டாள். அப்படி ஏன் போட முடியாது என்பதைத்தான் எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படிங்க.

எந்தக் கிருமியை எண்ணுகிறார்கள்?

காலரா, டைபாய்டு, சீதபேதி என்று தண்ணீரால் வரும் நோய்கள் பல. ஒவ்வொரு நோய்க் கிருமியையும் தனித்தனியாகத் தேடினால் நாளும் ஆகும், காசும் ஆகும். அதனால் மலக் கோலிஃபார்ம் என்ற பாக்டீரியாக் கூட்டத்தைத் தேடுகிறார்கள். இது மனிதர், ஆடு, மாடு இவற்றின் குடலில் வாழ்வது. 1885-ல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் கண்டுபிடித்த ஈ.கோலை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இவற்றில் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் இவை தண்ணீரில் இருந்தால் அதில் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மலம் கலந்தால் நோய்க் கிருமியும் கூடவே வந்திருக்கலாம். நெருப்பில்லாமல் புகையாது அல்லவா!

எப்படி எண்ணுகிறார்கள்?

மைக்ரோஸ்கோப்பில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதில்லை. 15 சோதனைக் குழாய்களில் கிருமி வளர்வதற்கான கரைசலை ஊற்றி வைக்கிறார்கள். 5 குழாயில் 10 மி.லி., 5 குழாயில் 1 மி.லி., 5 குழாயில் 0.1 மி.லி. என்று சோதிக்க வேண்டிய தண்ணீரைச் சேர்க்கிறார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டிக் குழாய் தலைகீழாக இருக்கும். நம் உடம்புச் சூட்டில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், கோலிஃபார்ம் வளர்ந்து வாயு விடும். அந்த வாயு குட்டிக் குழாயில் குமிழியாக நிற்கும். அது மலத்தில் இருந்து வந்த வகைதானா என்று பார்க்க 44.5 டிகிரி செல்சியஸில் மறுபடியும் சோதிப்பார்கள். எத்தனை குழாயில் குமிழி வந்தது என்று அட்டவணையோடு ஒப்பிட்டு, '100 மி.லி.-யில் இத்தனை இருக்க வாய்ப்பு அதிகம்' என்று சொல்வார்கள். இதற்குப் பெயர் எம்.பி.என்.

எவ்வளவு இருக்கலாம்?

தண்ணீர் எதற்குப் பயன்படுகிறதோ அதற்கேற்ற அளவு. எல்லாமே 100 மி.லி.-க்கு:

* குடிநீர் – ஒரு ஈ.கோலை கூடத் தென்படக் கூடாது.
* குளிக்கும் ஆறு – மலக் கோலிஃபார்ம் 500-க்குள் இருப்பது நல்லது. அதிகபட்சம் 2500. (2000-ஆம் ஆண்டு விதி)
* சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியே விடும் கழிவுநீர் – 1000-க்குக் கீழ். (2017-ஆம் ஆண்டு விதி)

இந்த 1000-க்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2015-ல் மத்திய அரசு வெளியிட்ட வரைவில் 100-க்குக் கீழ் என்றுதான் இருந்தது. 2017-ல் முடிவாக வந்தபோது 1000 ஆகிவிட்டது. 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், பெரு நகரங்களுக்கு 230-க்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவிட்டது. தண்ணீர் ஒன்றுதான், எண் மட்டும் இரண்டு தடவை மாறியிருக்கிறது!

99 வாங்கினாலும் ஃபெயில்

ஏன் இந்த இழுபறி? ஒரு கணக்குப் போடுவோம். சுத்திகரிக்காத சாக்கடைத் தண்ணீர் 100 மி.லி.-யில் மலக் கோலிஃபார்ம் 1 கோடி கூட இருக்கும்.

90 சதவீதம் போனால் மீதி 10 லட்சம்.
99 சதவீதம் போனால் மீதி 1 லட்சம்.
99.9 சதவீதம் போனால் மீதி 10,000.
99.99 சதவீதம் போனால்தான் 1000.

பரீட்சையில் 99 வாங்கினால் நாம் முதல் ரேங்க். இங்கே 99 வாங்கினாலும் ஃபெயில்! ஒவ்வொரு 9 கூடும்போதும் தொட்டி, குளோரின், கரண்ட் என்று செலவும் கூடும். செலவு செய்ய வேண்டியவர் எண்ணைப் பெரிதாகக் கேட்பார். ஆற்றில் இறங்குகிறவர் சிறிதாகக் கேட்பார்.

யார் அளவு வைப்பது?

1974-ல் வந்த நீர் மாசு தடுப்புச் சட்டப்படி மத்திய வாரியமும் மாநில வாரியங்களும் உண்டாயின. நம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் தொடங்கியது. 1986-ன் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி, மத்திய அரசு வைத்த அளவை மாநில வாரியம் இன்னும் கடுமையாக்கலாம். தளர்த்துவதற்கு அனுமதி இல்லை.

கணக்குப் பாடத்தில் படித்த இடைநிலை அளவு

எண்ணை மட்டும் வைத்தால் போதுமா? போதாது. எத்தனை தடவை, எந்த இடத்தில் எடுத்தது, எப்படிக் கணக்கிட்டது என்பதும் முக்கியம். 2025 மகா கும்பமேளாவின்போது பிரயாக்ராஜில் ஆற்று நீர் பல சமயங்களில் குளிக்கும் தரத்துக்கு இல்லை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிப்ரவரி தொடக்கத்தில் அறிக்கை கொடுத்தது. அதே மாதக் கடைசித் தேதியிட்ட இன்னொரு அறிக்கையில், இடைநிலை அளவு 1400, ஆகவே 2500-க்குள் இருக்கிறது, குளிக்கலாம் என்று வந்தது.

எப்படி இரண்டும் வரும்? உதாரணத்துக்கு நானாகப் போட்ட ஐந்து நாள் எண்கள்: 800, 1100, 1500, 6000, 9000. இடைநிலை அளவு 1500, பாஸ்! ஆனால் இரண்டு நாள் 2500-ஐத் தாண்டியிருக்கிறது. நாம இடைநிலை அளவுல குளிக்கிறதில்லையே, இன்னைக்கு ஓடுற தண்ணியிலதான் குளிக்கிறோம்.

உங்களுக்குத் தெரியுமா?

1955 டிசம்பர், 1956 ஜனவரியில் டெல்லியில் 29,000 பேருக்கு மேல் மஞ்சள் காமாலை வந்தது. யமுனையில் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்துவிட்டது. குளோரின் அதிகம் போட்டதால் டைபாய்டு போன்ற பாக்டீரியா நோய்கள் கூடவில்லை. ஆனால் வைரஸ் தப்பித்துக் கொண்டது. அது ஹெபடைடிஸ் ஈ என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பாக்டீரியா எண் சரியாக இருந்தாலும், சாக்கடையைக் கலக்க விடாமல் தடுப்பதே முதல் வேலை.

நம்ம வாய்க்கால்?

காவிரி, தாமிரபரணி போன்ற ஆறுகளில் வாரியம் தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறது. 1000 என்ற விதி சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய்க்கு. நம் ஊரில் நிலையமும் இல்லை, குழாயும் இல்லை. மேலே உள்ள தெருக்களின் சாக்கடை நேராக வாய்க்காலில் இறங்குகிறது. அதற்குக் கீழே உள்ள படித்துறையில்தான் நம்மில் பாதிப் பேர் குளிக்கிறோம், துணி துவைக்கிறோம், சின்னப் பிள்ளைகள் வாயில் தண்ணீரை வைத்துத் துப்பி விளையாடுகிறார்கள். அங்கே எண் 500-ஆ, 5 லட்சமா என்று யாருக்கும் தெரியாது. ஏனென்றால் யாரும் அளக்கவில்லை.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். நம் மாநிலத்தில் அன்றும் கிராம சபை கூடுகிறது. ஆசிரியர்கள் அனுமதித்தால் நம் வகுப்பு சார்பில் ஒரு மனு எழுதலாம்:

1. சாக்கடை சேரும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே படித்துறையில் ஒன்று என இரண்டு இடத்தில் தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும்.
2. கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை சோதிக்க வேண்டும்.
3. வந்த எண்ணைச் சராசரி ஆக்காமல், தேதி போட்டு ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுத வேண்டும்.
4. 2500-ஐத் தாண்டினால் படித்துறையில் எச்சரிக்கைப் பலகை வைத்து, சாக்கடையைத் திருப்பிவிட வேண்டும்.

கையெழுத்துப் போட விரும்புபவர்கள் 9-ஆம் வகுப்புக்கு வாங்க.

மூளைக்கு வேலை (விடையை வெள்ளிக்கிழமைக்குள் சுவரிதழ்ப் பெட்டியில் போடவும்)

1. 1 கோடி கிருமி 100 ஆகக் குறைய எத்தனை சதவீதம் போக வேண்டும்?
2. 700, 2400, 3000, 400, 2600 – இடைநிலை அளவு என்ன? எத்தனை நாள் குளிக்கக் கூடாது?